தடுக்கப் பிறந்த புரதம்

மனிதனின் பதினேழாம் குரோமோசோமில் நாகின் என்றொரு மரபணு உண்டு. அது உருவாக்கும் புரதம் 232 அமினோ அமிலங்களாலானது. செல்லுக்கு வெளியே சுரக்கப்படுவது. அதன் தொழில் தடுப்பது. ஒன்றைத் தடுப்பதன் மூலம் உடலைக் கட்டமுடியும் என்பதை அறிவியல் உணர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கதை ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் தொடங்குகிறது. ஹான்ஸ் ஷ்பேமனின் மாணவி ஹில்டே மாங்கோல்ட், தவளையின் உறவினமான நியூட்டின் கருவிலிருந்து ஒரு சிறு திசுத்துண்டை எடுத்து, இன்னொரு கருவின் வயிற்றுப்புறத்தில் பொருத்தினார். அவ்விடத்தில் நரம்புக்குழாயுடன் இரண்டாம் உடல் ஒன்று எழுந்தது. இரு கருக்களும் வெவ்வேறு நிறமுடைய இனங்களைச் சேர்ந்தவை. ஆகவே புதிய நரம்புத்திசுவின் பெரும்பகுதி பொருத்தப்பட்ட துண்டிலிருந்து வரவில்லை, அயற்செல்களே வழிமாறி அவ்வாறு ஆகியிருந்தன என்பது தெளிவாயிற்று. 1924இல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. அதே ஆண்டில், சமையலறையில் நேர்ந்த தீவிபத்தில், ஹில்டே 25 வயதில் மாண்டார். 1935இல் ஷ்பேமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் திசு அயற்செல்களிடம் என்ன சொன்னது? ‘நரம்பாக மாறு’ என்று ஆணையிடும் பொருளைப் பலர் பல்லாண்டுகள் தேடினர். 1992இல் பெர்க்லியில் வில்லியம் ஸ்மித்தும் ரிச்சர்ட் ஹார்லண்டும் ஆப்பிரிக்கத் தவளையில் நாகின் மரபணுவைக் கண்டறிந்தனர். அது மிகுந்தால் கருவின் தலை பருத்தது. ஆகையால் தலையைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லே அதன் பெயராயிற்று. அது செயல்படும் விதம் 1996இல் புலப்பட்டது. பி.எம்.பி. எனப்படும் புரதங்கள் கருவின் வெளியடுக்குச் செல்களைத் தோலாக்குகின்றன. நாகின் அவற்றைச் செல்லுக்கு வெளியிலேயே பற்றிக்கொண்டு, ஏற்பியை அடையவிடாமல் செய்கிறது. தோலாகும்படி வரும் செய்தி எட்டாத செல்கள் நரம்பாகின்றன. தேடிய ஆணை அங்கே இருக்கவில்லை. இருந்தது ஒரு தடை.

விரல்களிலும் இதே தடை வேண்டும். கருவில் விரல் முதலில் இடைவெளியற்ற குருத்தெலும்புத் தண்டாகவே தோன்றுகிறது. மூட்டு அமையவேண்டிய இடத்தில், எலும்பை வளர்க்கும் பி.எம்.பி. செய்தி அடங்கவேண்டும். நாகின் அறவே இல்லாத எலிகளுக்கு விரல் மூட்டுகள் உருவாகவில்லை என்று 1998இல் காட்டப்பட்டது. மறு ஆண்டு, பரம்பரையாக விரல் மடங்காத சில குடும்பங்களில் இந்த மரபணுவின் பிழை கண்டறியப்பட்டது. இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். விரலின் நடு மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிவிடும். அந்த மூட்டின் மேல் தோலில் மடிப்புக்கோடுகூட விழுவதில்லை.

இவர்களுள் சிலருக்குக் காதிலுள்ள அங்கவடி எலும்பும் அசையாமல் இறுகிப்போகிறது. விரலின் குறை கண்ணுக்குத் தெரியும். செவியின் குறை தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை வகுப்பறையில் மந்தபுத்தி என்றோ அடங்காப்பிள்ளை என்றோ பெயர் வாங்கிவிடக்கூடும். ஒட்டிய விரல் மூட்டை அறுவை சிகிச்சையால் இயல்புபோல் மடங்கச் செய்வது அரிது. இறுகிய அங்கவடியின் நிலை அவ்வளவு மோசமன்று. அறுவை சிகிச்சையோ செவித்துணைக் கருவியோ பலருக்கு ஒலியை மீட்டுத் தருகிறது. ஆகவே பிறவியிலேயே மடங்காத விரலைக் காணும் மருத்துவர் அக்குழந்தையின் காதையும் சோதிப்பது கடமை.