பூனைக்கு மணி கட்டுவது யார்?

எலிகள் கூடித் தீர்மானம் போட்ட கதையை நாம் எல்லாரும் தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பூனையின் கழுத்தில் மணி கட்டலாம் என்றதும் எல்லா எலிகளும் ஆரவாரம் செய்தன. ஒரு கிழட்டு எலி மட்டும், "யார் கட்டுவது?" என்று கேட்டது. மனிதர்கள் கூடும் இடங்களில் அந்தக் கிழட்டு எலிக்கு என்ன மரியாதை கிடைக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். ஒற்றுமை குலையக்கூடாது என்ற எண்ணம் மிகும்போது, குழுவில் உள்ளவர்கள் தம் ஐயங்களைத் தாமே விழுங்கிவிடுகிறார்கள். இதற்குக் 'குழுச் சிந்தனை' என்று பெயர்.

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம், முடி உதிர்க்கும், கத்தி அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இது எல்லாப் பூனைகளுக்கும் பொருந்துமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 2012இல் செம்பவாங்கிற்கு அருகிலுள்ள சோங் பாங்கில், பூனை நலச் சங்கத்தின் பங்களிப்போடு ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. கருத்தடை, நுண்சில்லு போன்ற நிபந்தனைகளோடு அங்குள்ளவர்கள் பூனை வளர்க்கலாம் என்றார்கள். 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நாடு முழுவதும் தடை நீங்கியது. இன்று ஒரு வீவக வீட்டில், உரிமத்தோடு, இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். வாதத்தைச் சோதித்துப் பார்த்ததால் கிடைத்த பலன் இது.

ஆனால் பூனைப் பிரியர்களும் குழுச் சிந்தனைக்கு விலக்கல்ல. எங்கள் செம்பவாங் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் சிலர் தெருப்பூனைகளுக்கு உணவிடுவார்கள். ஒருநாள் முதல் மாடி மாக்சிக், "மீதியைத் தரையிலேயே விட்டுப் போகிறீர்கள். எறும்பும் கரப்பானும் என் வீட்டுக்குத்தான் வருகின்றன," என்றார். அவர் வீட்டிலும் பூனை உண்டு. ஆனாலும் 'பூனைக்கு ஆகாதவர்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். அதன்பின் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது நியாயம் என்று இருவர் என்னிடம் தனியாகச் சொன்னார்கள். கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் நான் சொன்னேன்: "ஆன்ட்டி, உணவிட வேண்டாம் என்று மாக்சிக் சொல்லவில்லையே. தட்டில் வைத்து, தின்றதும் எடுத்துவிடச் சொல்கிறார். புகார் நகர மன்றத்துக்குப் போனால் கஷ்டம் பூனைகளுக்குத்தானே?" சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் மறுநாள் தட்டுகள் வந்தன.

அண்டை வீட்டாரின் பொறுமைதான் தெருப்பூனைகளுக்குப் பாதுகாப்பு. 2003இல் சார்ஸ் பரவிய அச்சத்தின்போது தெருப்பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. அவற்றுக்கு 1998இல் தொடங்கிய மறுவாழ்வுத் திட்டமும் கைவிடப்பட்டது. ஆகவே குறை சொல்பவரை விரட்டுவது பூனைகளுக்கு நாம் செய்யும் உதவியாகாது.

மறுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கூட்டத்தின் நோக்கத்தை மதித்து, ஆளைத் தாக்காமல், செயலைச் சுட்டி, மாற்றுவழியும் சொல்ல வேண்டும். இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுக்கப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறார் வள்ளுவர். மன்னனுக்குச் சொன்னது கீழ்த்தளக் கூட்டத்துக்கும் பொருந்தும். நம் மாணவர் சங்கங்களுக்கும்தான்.