கட்டிலுக்கு அடியில்

வீட்டுக்கு வந்தவர்கள் கணுக்காலைச் சொறிந்தால், நான் முந்திக்கொண்டு "வேளச்சேரியில கொசு ஜாஸ்தி" என்பேன். யாருக்கும் சந்தேகம் வராது. கொசுவர்த்திச் சுருளை வேறு அவர்கள் காலடியில் ஏற்றி வைப்பேன். எங்கள் பூனை கருப்பிக்குத் தெள்ளுப்பூச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வேளையும் பெருக்கித் துடைக்கிற வீட்டில் பூச்சியா என்று கேட்டுவிட்டால்? கொசு பாவம், மாதக்கணக்கில் அந்தப் பழியைச் சுமந்தது.

தெள்ளுப்பூச்சி வீட்டின் சுத்தத்தைப் பார்த்து வருவதில்லை. அதற்கு ரத்தம், வெதுவெதுப்பு, ஈரக்காற்று மூன்றும் இருந்தால் போதும். பின்னவை இரண்டையும் சென்னை வருஷம் முழுக்கத் தருகிறது. கருப்பி எங்கள் வாசலைத் தாண்டி மாடிப்படி வரைதான் போவாள். அந்தப் படியில்தான் தெருப்பூனைகள் மதியம் தூங்கும்.

கறுப்புப் பூனையின் மேல் பூச்சியைத் தேடுவது பெரும்பாடு. உண்ணி என்றால் ஒரே இடத்தில் கடித்துத் தொங்கி உப்பும், கைக்கு அகப்படும். இது மயிருக்குள் ஓடும். எட்டிப் பிடித்தால் துள்ளும். போதாததற்குப் பூனை தன்னையே நக்கிப் பாதியை விழுங்கிவிடுகிறது. கால்நடை மருத்துவர் ஒரு வழி காட்டினார். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியில் வாரி, வந்த கறுப்புத் துகள்களை ஈரப்பஞ்சில் தட்டினார். பஞ்சு செம்பழுப்பாகப் பரவியது. அந்தத் துகள்கள் பூச்சியின் எச்சம், அதாவது செரித்துக் காய்ந்த ரத்தம்.

அதற்கு முன்பே வீட்டு வைத்தியங்கள் ஆளுக்கொன்றாக வந்திருந்தன. என் மாமியார் திருநெல்வேலிக்காரர். "வேப்பெண்ணெயைத் தடவு, வசம்பைத் தூவு, கற்பூரத்தைப் பொடிச்சுப் படுக்கையில போடு" என்றார். பூனையின் மேல் எதைத் தடவினாலும் அது நாக்கு வழியாக வயிற்றுக்குத்தான் போகும். கற்பூரமும் அந்துருண்டையும் பூனைக்கு விஷம். தம்பி தன் நாய்க்கு வாங்கியதில் மீந்த பிடரி மருந்தைக் கொண்டுவந்து, "இதையே ரெண்டு சொட்டு விடுக்கா" என்றான். அட்டையை மருத்துவரிடம் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. அதில் பெர்மெத்ரின் இருந்தது. நாய் தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு அதைச் சரிவர முறித்து வெளியேற்றும் திறன் இல்லை. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகலாம். பூனைக்கென்று அளவிட்ட ஃபிப்ரோனிலும் மெத்தோப்ரீனும் சேர்ந்த மருந்தைத் தந்தார். நாக்கு எட்டாத பிடரியில், மயிரைப் பிரித்துத் தோலின் மேல் விட வேண்டும்.

விட்டோம். சீப்பில் வருவது குறைந்தது. அந்தத் தைரியத்தில் கருப்பியைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தேன். முழங்கால் வரை சுருக் சுருக்கென்று கடி. வெள்ளைப் புடவை ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் துள்ளின. வீட்டில் பூனையே இல்லை!

மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. பூனையின் மேல் ஓடும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கும். ஒரு பெண்பூச்சி நாளைக்கு 40 முட்டைக்கு மேலும் இடும். முட்டைகள் மயிரில் ஒட்டுவதில்லை. பூனை படுக்கிற, குதிக்கிற இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கட்டிலுக்கு அடியிலும் சோபா மடிப்பிலும் ஒதுங்கி, மேலிருந்து உதிர்ந்த அந்த ரத்த எச்சத்தைத் தின்று வளரும். பிறகு பிசுபிசுப்பான நூலால் கூடு கட்டும். தூசு ஒட்டிக்கொள்வதால் கூடு கண்ணுக்குத் தெரியாது, விளக்குமாற்றுக்கும் வராது, பூச்சிமருந்தும் உள்ளே போகாது. கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் பூச்சியால் முடியும். தரையின் அதிர்வும், உடல் சூடும், மூச்சுக்காற்றும் வந்தால் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே குதிக்கும். அன்று நான் கதவைத் திறந்ததும் அவற்றுக்குக் கிடைத்தது அதுதான்.

இதைக் கேட்டபோது என் நெஞ்சில் ஒரு குத்து. பயணத்துக்கு முந்தைய வாரம், தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியில், கருப்பியைக் கூடையில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று நினைத்திருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. விட்டிருந்தால், கட்டிலுக்கு அடியில் கிடந்த அத்தனையும் பசியோடு எங்கள் கால்களைத்தான் தேடியிருக்கும்.

மருத்துவர் சொன்னது நேர்மாறானது. பூனையை அறைக்கு வெளியே அடைக்காதீர்கள், எங்கும் நடமாட விடுங்கள். கூட்டிலிருந்து வெளிவருவது மருந்து ஏறிய உடம்பின் மேல் ஏறிச் சாகட்டும். கொஞ்ச வாரங்களுக்குப் புதுப்பூச்சி வந்துகொண்டே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிடக் கூடாது. குறைந்தது 3 மாதம். பலரும் விடுவது இங்கேதானாம்.

வீட்டு வேலை முதுகை ஒடித்தது. கட்டிலை நகர்த்தி, மூலையெல்லாம் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பையை உடனே கட்டி வெளியே போட்டோம். கிளீனரின் அதிர்வே தூங்கும் கூடுகளை எழுப்பிவிடும், எழுந்தால்தான் சாகும். விரிப்புகளைக் கொதிநீரில் துவைத்தோம். மெத்தையையும் தலையணைகளையும் மொட்டைமாடியில் வெயிலில் போட்டோம். ஈரம் வற்றினால் முட்டையும் புழுவும் பிழைக்காது. பழைய ஜமுக்காளத்தை நான் தூக்கி எறிந்தேன்; அதற்கு மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பினாயிலையும் நிறுத்தினேன். பல பினாயில்களில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு ஆகாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கருப்பியை மடியில் போட்டு வாருவதும், அகப்பட்டதைச் சோப்புத் தண்ணீரில் தட்டி, அது கால் உதைத்து மூழ்குவதைப் பார்ப்பதும் எனக்குப் பிடித்துப்போனது. கொசுவைக்கூட விரட்டித்தான் விடுவேன் என்று சொல்லித் திரிந்தவள் நான். அந்த ருசியை இப்போதும் மறுக்க மாட்டேன்.

கடி ஓய்ந்த பிறகு, கருப்பியின் வாலடியில் அரிசி போல ஏதோ நெளிவதை மாமியார்தான் பார்த்தார். அது நாடாப்புழுவின் துண்டு. புழுவைச் சுமந்த தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கினால் பூனைக்கு அது தொற்றும். மாத்திரை கொடுத்தோம், என் கையில் கீறல் மிச்சம். மார்கழியிலாவது பிடரி மருந்தை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்டேன். "குளிர் எங்கம்மா இருக்கு நம்ம ஊர்ல?" என்றார். மாதம் ஒரு தடவை என்றால் நான் மறந்துவிடுவேன் என்று அமாவாசைக்கு அமாவாசை என்று மாமியார் தீர்மானித்துவிட்டார்.