வரவு பார்த்திருத்தல்

இவ்வாண்டு மலருக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்ட தோழர் சிலர் நகைத்தனர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வோர் சிலம்பைப் பற்றியோ இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றியோ எழுதுதல் மரபு. கணினி விளையாட்டைப் பற்றி எழுதுதல் யாண்டும் கண்டதில்லை என்பது அவர் கூற்று. கண்டதில்லை என்பது மெய்யே. ஆயினும், விடுதியிலும் வகுப்பறைத் தாழ்வாரத்திலும் மாணவர் நாவில் நாடோறும் வழங்கும் ஒரு பொருள் நம் மலரில் ஒரு மூலையேனும் பெறுதல் தகாதோ? அன்றியும், யாம் ஈண்டு மிகுதியாய்ச் சொல்லப் புகுவது ஒரு விளையாட்டு வருமென்று காத்திருந்த கதையே. காத்திருத்தலுக்கு ஒரு திணையையே வகுத்து, அதனை முல்லையென்று பெயரிட்டு, இருத்தலை அதற்கு உரிப்பொருளாக்கிய மொழியிற் பயில்வார்க்கு இது புறம்பான பொருளாகாது.

அறியாதார் பொருட்டு முதற்கண் சில சொல்லுதும். கன்சோல் என்பது விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பெட்டி. பெரும்பாலும் தொலைக்காட்சியோடு இணைத்துக் கைப்பிடியாற் கையாளப்படுவது. ஸோனியாரின் பிளேஸ்டேஷன், மைக்ரோஸாப்டாரின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவாரின் ஸ்விட்ச் என்பன இவ்வினத்தின. பெட்டியைச் செய்தவர் தம் பெட்டி விலைபோதற் பொருட்டுச் சில விளையாட்டுக்களை அதற்கே உரியனவாக நிறுத்தி வைப்பர். கணினியோ பல தொழிற்கும் உரியது. எம்மனோர் இல்லங்களில் பாடத்திற்கென்று வாங்கப்படுவது. பாடத்திற்கென்று வந்த பொருளில் ஒழிந்த வேளையில் விளையாடுதல் இயலும். விளையாட்டிற்கென்றே ஒரு பெட்டி வாங்கித்தரும் தந்தையார் இத் தாமிரபரணிக் கரையில் எத்துணையர் உளரோ, யாம் எண்ணியதில்லை. ஆதலின், கன்சோலுக்கு மட்டும் என்று வெளிவரும் விளையாட்டு எம்போல்வார்க்கு அயலார் மதிலுக்கு அப்பாலுள்ள மாங்கனியே. அது கணினிக்கும் வரும் என்னும் ஒருவரிச் செய்தி, கிளை இப்பக்கம் வளைந்தாற் போன்றது.

ஒரு விளையாட்டைக் கன்சோலிலிருந்து கணினிக்குக் கொணர்தலை வெறும் படியெடுத்தல் என்று கருதற்க. ஒருவகைக் கன்சோல்கள் எல்லாம் ஒன்றுபோல்வன. அவற்றினுள்ளிருக்கும் உறுப்பு இன்னதென்று ஆக்கியோன் அறிவான். கணினியோ வீட்டுக்கொரு வகை. கைப்பிடியில் விரலுக்கெட்டிய பொத்தான்களின் தொழிலை விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் பகிர்ந்தளித்தல் வேண்டும். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 தனிப்போக்குடைய செயலியொன்றைக் கொண்டிருந்தமையின், அதற்கென எழுதியவற்றைப் பெயர்த்தல் பெரும்பாடாயிற்று. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 கணினி இனத்துச் செயலியையே மேற்கொண்டது. அதன்பின் வழி சற்று எளிதாயிற்று. எளிதாகியும் என்! 2023 மார்ச்சு 28ஆம் நாள் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' முதற் பாகம் கணினிக்கு வந்தபோது, ஒளி நிழற் கணக்குகளை அவ்வக் கணினி தனக்கென ஆக்கிக்கொள்ளுதற்கே நெடும்பொழுது கழிந்ததும், இடையிடையே ஆட்டம் நின்றுபோனதும் கண்டு வாங்கியோர் வைதனர்.

இத்தொழிலை நினைக்குந்தோறும் எமக்கு ஏட்டுச் சுவடிகளின் நினைவே வருகின்றது. ஏட்டில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ஏடு பழகினார்க்கு அது குறையாகத் தோன்றாது. அச்சுக்குக் கொணர்வாரோ ஒவ்வோரிடத்தும் இஃது இன்ன எழுத்தென்று துணிதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி நம் நாட்டிற்குப் போந்து ஆழ்வார்திருநகரியில் அதனைக் கண்டதும், 1889இல் அந்நூல் அச்சேறியதும் நம் வகுப்பினர் அறிந்தனவே. கவிராயர் இல்லத்திற் கிடந்த நூல் விலை கொடுத்தார் எவர்க்கும் உரியதாயிற்று. இவ்வொப்புமை மிகையென்று எம் ஆசிரியர் கூறக்கூடும், கூறுக.

இனி, நாள் குறித்தலும் குறித்த நாள் பொய்த்தலும். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் விளையாட்டின் ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பர் 17இல் கன்சோல்களுக்கு வந்தது. கணினிக்கு 2015 ஜனவரி 27 என்றனர். பின்னர் மார்ச்சு 24 என்றனர். முடிவில் ஏப்ரல் 14இல் வந்தது. கார்காலத்து வருவேன் என்று சொல்லிப் பிரிந்த தலைவன் வாராதிருப்ப, மழையும் கொன்றையும் கண்டு கலங்கும் தலைவியை, இது பருவம் அன்று, வம்ப மழையைக் கண்டு கொன்றை ஏமாந்து பூத்தது என்று தோழி ஆற்றுவிக்கும் துறையை அகப்பாட்டுக்களிற் காண்கின்றோம். விளையாட்டுச் செய்தி எழுதுவோர் அந்நாளில் செய்த தொழில் தோழியின் தொழிலே. மற்றொன்று, 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்'. 2010 மே மாதத்திற் கன்சோல்களுக்கு வந்தது, கணினிக்கு 2024 அக்டோபர் 29இல் வந்தது. பதினான்கு ஆண்டு கடந்து ஐந்து திங்கள்! இராமனும் அதற்குள் அயோத்தி மீண்டனன். குறித்த நாள் கழியின் தீப்புகுவேன் என்று நின்ற பரதன் இவர்கள் கையில் அகப்பட்டிருப்பின் என்னாகியிருப்பன் என்று எம் வகுப்பில் ஒருவர் கேட்டனர்.

நிற்க. எம் காத்திருத்தலுக்கு வருவாம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டிருந்த காலம். எமக்கு அப்போது வயது பதின்மூன்று. முருகன்குறிச்சிப் பக்கம் எம் இல்லத்தில் ஆச்சி, பெற்றோர், தமையனார், யாம் என ஐவரும் வெளிச் செல்லாதிருந்தோம். தமையனார் டிப்ளமா முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பெற்றும், தொற்றின் காரணமாகச் சேரும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இல்லத்தில் இருந்த ஒரே கணினி அவருடையது. பகலில் எம் வகுப்பு அதில் நடக்கும். இரவில் அவரும் யாமும் விளையாடுவோம். ஒன்பது ஆண்டு மூத்தவர் எம்மோடு சமமாய் அமர்ந்திருந்த காலம் அஃதொன்றே.

அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்' என்னும் விளையாட்டு நின்டெண்டோ ஸ்விட்சுக்கு மட்டும் வெளியாயிற்று. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தார் ஆக்கியது. 2017இல் இணையவழிப் பொதுமக்களிடம் பொருள் திரட்ட முயன்று அது கைகூடாதிருந்தும், அவர்கள் விடாது முடித்தனர். கழைக்கூத்தாடிப் பெண்ணொருத்தி, அசுரர் கவர்ந்து சென்ற தன் தம்பி கோலுவைத் தேடிச் செல்வது கதை. இடையிடையே கதை நிழற்பாவைகளாற் சொல்லப்படும். நம் பக்கத்துத் தோற்பாவைக் கூத்தைக் கண்டார்க்கு அது புதிதாய்த் தோன்றாது. இதிலொரு விந்தை கேண்மின். நம் நாட்டவர் நம் நாட்டுக் கதையை வைத்துச் செய்த விளையாட்டு முதன்முதல் வந்த பெட்டியோ, அந்நாளில் நம் நாட்டில் அதனைச் செய்த நிறுவனத்தார் நேரே விற்காத பெட்டி! வெளிநாட்டினின்று வருவித்து விற்கும் கடைகளிலோ, வளைகுடா நாட்டினின்று வரும் உறவினர் பெட்டிகளிலோ அன்றிக் கிட்டாது. சின்னாளிற் கணினிக்கும் வரும் என்றனர். பின்பு, அக்டோபர் 15 என்று நாள் குறித்தனர்.

ஆகஸ்டு 18 தொடங்கி அக்டோபர் 15 வரை ஐம்பத்தெட்டு நாள். பிறர் காத்த ஆண்டுகளை நோக்க இஃதொரு பொருட்டன்று. ஆயின் தொழிற்சாலையிலிருந்து நவம்பர் முதல் வாரத்தில் வந்து சேர்க என்று தமையனார்க்கு ஓலை வந்துவிட்டது. நாள் தள்ளிப்போமாயின் அவர் ஓசூரிலும் கணினி பாளையங்கோட்டையிலுமாக ஆகும். வெளியீட்டார் நாள் தள்ளுதலில் எத்துணை வல்லவர் என்பதை மேலே கூறினோம். அக்டோபர் முதல் நாளிலிருந்து யாம் விழித்தவுடன் செய்த முதற் காரியம் அச்செய்தியைப் பார்த்தலே; ஜெபம் அதற்குப் பின்னர்.

மற்றொரு தடையும் இருந்தது. ராஜிக்குத் திரிசூலம் அளிப்பவள் துர்க்கை. கதை கூறுவோர் துர்க்கையும் திருமாலும். முன்னோட்டக் காட்சியைத் தமையனார் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆச்சி வந்து நின்றார்கள். "ஏல, அது யாரு, கையில சூலத்தோட? நம்ம வீட்டுக்குள்ள இது எதுக்குல?" என்றார்கள். யாம் அப்பொழுது திடப்படுத்தல் வகுப்பில் இருந்தோம். ஐயரவாள் தொலைபேசி வழி வினாவிடை கேட்டு, பத்துக் கற்பனைகளை ஒப்பித்துக்கொண்டிருந்த நாட்கள். ஆகவே, ஆச்சியின் வினா எமக்குள்ளும் முன்னரே இருந்த வினாவே. தமையனார் கிருஷ்ண பிள்ளையைத் துணைக்கழைத்தார். 1827இல் இதோ நம் கரையிருப்பிற் பிறந்து, வைணவராய் வளர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியன் எழுதிய ஆங்கில நூலைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வெளியிட்டார். அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று நம் சபையாரே கொண்டாடுகின்றனர். கம்பனைக் கற்காமல் அப்பெயர் வந்ததோ என்று வாதித்தார். ஆச்சி கேட்டிருந்து, "படிக்கது வேற. அதுவா நின்னு சூலத்தப் புடிச்சு குத்துதது வேற" என்றார்கள்.

பின்னர்த் திறனாய்வு நூல்கள் சில படித்தும், இவ்வேறுபாட்டை இத்துணைச் சுருக்கமாகச் சொன்னாரை யாம் கண்டிலோம். காவியத்தைக் கற்பவன் கரையில் நிற்பவன்; விளையாட்டை ஆடுபவன் நீரில் இறங்கியவன். அவ்வேறுபாடு மெய், ஆச்சியின் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் இறங்கியவன் அதனாலே அந்நீருக்கு அடியவனாதல் இல்லையென்று எமக்குத் தோன்றியது. இன்றும் அவ்வாறே தோன்றுகின்றது. எம் தந்தையார் தீர்ப்பளித்தார்: மாலை ஜெபத்திற்குப் பின்னர், கூடத்திலன்றி உள்ளறையில், இரண்டு மணி நேரம்.

அக்டோபர் 15இல் சொன்னபடியே வந்தது. தள்ளிப்போகாமல் வந்ததில் எமக்குச் சிறிது திகைப்பே. அன்றிரவு கோட்டைகளும் கொடிமண்டபங்களும் பொன்வெயிலுமாகத் திரை விரிந்தது. தாவுதலும் தூணைப் பற்றிச் சுழலுதலும் யாம் செய்வோம், போர் தமையனார்க்கு. மூன்றாம் நாளிரவு கதவருகே நிழலாடிற்று. ஆச்சி நின்றிருந்தார்கள். "அந்தப் புள்ள எங்க போறா?" என்று கேட்டார்கள். தம்பியைத் தேடி என்றோம். ஒன்றும் பேசாமல் கட்டில் முனையில் அமர்ந்தார்கள். மறுநாட் காலையில் காப்பி தரும்போது, "தம்பிய கண்டுபுடிச்சாளா?" என்றார்கள். அதன்பின் உள்ளறை என்னும் விதி எவரும் மாற்றாமலே மாறி, ஆட்டம் கூடத்துக்கு வந்தது. திரிசூலம் வரும்போது மட்டும் ஆச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆட்டம் சில மணி நேரத்திற்கே போதுமானது. யாம் வேண்டுமென்றே நீட்டினோம். முடிவு சட்டென்று அறுந்தாற்போல நின்றதெனப் பலர் குறை கூறினர்; எமக்கும் அக்குறை உண்டு. அது யாதென்று வெளியிடோம், இனி ஆடுவார் உளராகலான். அவ்வாண்டு உலக விளையாட்டு விருதுகளில் முதலாக்கம் என்னும் பிரிவிற்கு ராஜியும் முன்மொழியப்பட்டது. பரிசு வேறொன்றிற்குச் சென்றது. அக்டோபர் இறுதியில் தமையனார் நெல்லைச் சந்திப்பில் வண்டியேறினார்.

இரண்டாவது காத்திருத்தல் தனியே. 'அன்சார்ட்டெட்: தி லாஸ்ட் லெகஸி' 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சளர் மறைத்து வைத்த விநாயகர் தந்தத்தைத் தேடுவதாகக் கட்டிய கதை. பொதிகையின் அடியிற் பிறந்து, பாபநாசத்தில் அருவி கண்டு வளர்ந்த எமக்கு, அமெரிக்கர் அம்மலையை எங்ஙனம் தீட்டினர் என்று காண்டலில் ஆவல் மிக்கது. ஐந்தாண்டு கழிந்து, 2022 அக்டோபர் 19இல் அது கணினிக்கு வந்தது. தலைவன் வந்தான், இல்லம் ஆயத்தமில்லை: நூறு ஜிபிக்கு மேல் இடமும் நல்லதொரு கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டியிருந்தன. அக்கிறிஸ்மஸுக்கு வந்த தமையனார் கையோடு ஒரு பழைய கார்டு கொணர்ந்தார்.

பசுமையும் அருவியும் குறைவின்றி இருந்தன. மலைபோன்ற சிலைகள் மட்டும் எமக்கு ஒவ்வவில்லை. ஹொய்சளர் பெருமை உருவின் பருமையில் இல்லை. 1117இல் விஷ்ணுவர்த்தனன் எடுத்த பேலூர்க் கோயிலில் மாக்கல்லிற் செதுக்கிய நுண்ணிய வேலைப்பாடே அவர் பெருமை. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரக் கோயில்களை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றதும் அதுபற்றியே. மேலும், முண்டந்துறைக் காட்டில் மழைநாளில் நடந்தார் காலை நோக்குவர். இவ்விளையாட்டில் எம் கண்ணுக்கு அட்டை ஒன்றும் படவில்லை.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் ஆறாம் பாகத்தை 2023 டிசம்பரில் அறிவித்து, 2025இல் வரும் என்றனர். 2025 மே மாதத்தில், 2026 மே 26 என்றனர். அவ்வாண்டு நவம்பரில், 2026 நவம்பர் 19 என்றனர். அவ்வறிவிப்புக்களில் இரண்டு கன்சோல்களின் பெயர் உண்டு. கணினியின் பெயர் இல்லை. சென்ற கிறிஸ்மஸில் இதனைப் பற்றி யாமும் தமையனாரும் பேசிக்கொண்டிருந்தோம். கணினிக்கு அது வருமுன் எம் ஆனர்ஸ் படிப்பு முடிந்துவிடும் என்றார் அவர். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து, "அதுல யாரத் தேடிப் போறாவ?" என்றார்கள். அவ்விளையாட்டில் வங்கிக் கொள்ளையன்றி வேறு பெருந்தொழில் இல்லையென்று அறிந்த தமையனார் எம்மை நோக்கினார். யாம் பூண்டை நோக்கினோம்.