பூஜ்யம் காட்டிய கருவி

நம் சபையில் இயற்பியல் பயிலும் வாலிபர் ஒருவர், சென்ற வாரம் தம் கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவை எனக்குக் கேட்கக் கொடுத்தார். விடியற்காலையில் தோப்பில் பறவைகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுப்பதுபோல் இருந்தது. “எந்த ஊர்ப் பறவைகள், தம்பி?” என்று கேட்டேன். “பறவைகள் அல்ல, ஐயா. பூமிக்கு மேலே பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் எழும் மின்காந்த அலைகள்” என்றார்.

அவ்வுயரத்தில் ஒலியைச் சுமக்கக் காற்று இல்லை. ஆனால், மின்னேற்றம் பெற்ற துகள்களாலான பிளாஸ்மா உண்டு. பூமியின் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள் அதில் அலைகளை எழுப்புகின்றன. அவை விநாடிக்குப் பெரும்பாலும் சில நூறு முதல் சில ஆயிரம் முறை வரை துடிக்கின்றன. இது நம் செவி உணரும் எல்லைக்குள் அடங்குவதால், அந்த அலையை ஒலிபெருக்கியில் ஒலியாக மாற்றினால் கீச்சொலியாகக் கேட்கிறது. விஞ்ஞானிகள் அதற்குக் ‘கோரஸ்’ என்றே பெயரிட்டனர்.

அன்றிரவு அதைப்பற்றி மேலும் வாசித்தேன். 1958இல் அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1ஐ ஏவியது. ஜேம்ஸ் வான் ஆலன் அதில் துகள்களை எண்ணும் கைகர் கருவி ஒன்றை வைத்திருந்தார். கலம் மிக உயரே சென்றபோதெல்லாம் கருவி பூஜ்யம் காட்டியது. அங்கே ஒன்றுமே இல்லையா? சில வாரங்களுக்குப் பின் சென்ற எக்ஸ்ப்ளோரர் 3இன் பதிவுகளில், எண்ணிக்கை மளமளவென்று ஏறி, பின்பு திடீரென்று பூஜ்யமானது தெரிந்தது. வான் ஆலனின் மாணவர் கார்ல் மக்கில்வைன் அதேபோன்ற கருவியின்மேல் வலிய எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார். அதுவும் பூஜ்யம் காட்டியது! துகள்கள் இல்லாததால் அல்ல, அளவுக்கு மீறி வந்து மோதியதால் கருவி எண்ண முடியாமல் திணறியிருந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்கள் இவ்வாறுதான் கண்டறியப்பட்டன.

அதை வாசித்ததும் என் பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். வளர்ந்த மகனை இழந்த ஒரு தாயாரின் வீட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். ஆறுதல் சொன்னேன், ஜெபித்தேன். அவர் அழவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. “உள்ளம் இறுகியிருக்கிறது” என்று அன்றிரவு குறித்துவைத்தேன். அதன்பின் மூன்று மாதங்கள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. நான் கண்ட பூஜ்யத்தை வெறுமை என்று எண்ணிவிட்டேன்.

2012இல் ஏவப்பட்ட வான் ஆலன் ஆய்வுக்கலங்கள் இன்னொன்றையும் காட்டின. அந்த வளையங்களில் எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு முடுக்கிவிடுவதில் கோரஸ் அலைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் எல்லா அலையும் எல்லா எலக்ட்ரானுக்கும் ஆற்றல் கொடுப்பதில்லை. அலையின் துடிப்பும் எலக்ட்ரானின் சுழற்சியும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். அப்போதுதான் ஆற்றல் கைமாறுகிறது.

நான் அந்தத் தாயாரிடம் என் துடிப்போடு போயிருந்தேன்: பத்து நிமிட ஆறுதல், ஒரு ஜெபம், விடைபெறுதல். மூன்று மாதங்கள் கழித்து வேறு காரியமாக அத்தெருவுக்குப் போனபோது, அவர் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் நானும் அமர்ந்து ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்பு, “அவனுக்கு இந்தக் கீரை என்றால் உயிர், ஐயா” என்றார். அதன்பின் பொழுது சாயும்வரை அவர் பேசிக்கொண்டேயிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஒன்றும் பேசாதிருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் உள்ளத்தில் ஒன்றுமில்லை என்று இந்த வாரம் எழுதிவிடாதிருப்போம். போய் அருகில் அமருவோம். கைக்குக் கிடைக்கும் வேலையில் பங்குகொள்வோம்.

நாட்குறிப்பிலுள்ள அந்த வரியை நான் அடிக்கவில்லை. அது அந்தத் தாயாரைப் பற்றியதன்று, என் கருவியைப் பற்றியது. ஆகவே அப்படியே இருக்கட்டும்.