உப்புத் தண்ணி

திண்டுக்கல்லில் ‘உப்புத் தண்ணி’ என்றால் யாரும் கடலை நினைப்பதில்லை. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே, “நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?” என்பதுதான்.

எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில், என் அறையில் 200 லிட்டர் கடல் இருக்கிறது. இரண்டு க்ளவுன் மீன்கள், ஒரு இறால், கொஞ்சம் பீங்கான் கற்கள். பவளம் கிடையாது. 2001லேயே கல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாலும் குற்றம்.

போன சித்திரையில் தொட்டி முழுக்க வெள்ளைத் துகள்கள் மிதக்க ஆரம்பித்தன. ‘வெள்ளையா ஏதோ மிதக்குது’ என்பது, ஆபீஸில் நாங்கள் திட்டித் தீர்க்கும் ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ வகை எர்ரர் மெசேஜ். பத்து வேறு கோளாறுக்கும் அதே மெசேஜ்தான் வரும். ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

பம்புகளை நிறுத்தினேன். காற்றுக் குமிழ்கள் என்றால் சில நிமிடத்தில் மேலே போய் உடைந்துவிடும். இவை கோலமாவு மாதிரி மெதுவாகக் கீழே இறங்கின. பாக்டீரியா பெருகியிருந்தால் தண்ணீரே பால் கலந்தது போல மங்கியிருக்கும், தனித்தனித் துகளாகத் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோப்பிபாட் எனும் பொடி உயிர்கள் வெட்டி வெட்டி நீந்தும். இவற்றுக்கு அப்படி எந்த உத்தேசமும் இல்லை.

கடைசியில் பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் வடிகட்டி, அலசி, மேலே வினிகர் விட்டேன். புசுபுசுவென்று பொங்கியது. அப்பத்தா வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காற்றுபட்டுக் காய்ந்தால் என்னவாகுமோ அதுதான். கால்சியம் கார்பனேட்.

கடலின் விசித்திரம் இது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மேல்மட்டக் கடல்நீர் தன்னால் தாங்க முடிவதைவிட அதிகமாகவே சுண்ணாம்பைச் சுமந்துகொண்டிருக்கிறது. கூடவே இருக்கும் மெக்னீசியம் அது படிகமாகாமல் தடுக்கிறது. காரத்தன்மை ஏறினாலோ சூடு ஏறினாலோ அந்தச் சமரசம் கலைந்துவிடும். பஹாமாஸ் கடலில் சில சமயம் மைல்கணக்கில் தண்ணீர் வெள்ளையாகிவிடும். அங்கும் மிதப்பது இதே பொடிதான்.

என் தொட்டியில் காரத்தன்மை 8 இருக்க வேண்டிய இடத்தில் 13. தண்ணீர் 30 டிகிரி. பம்பின் சுழலியில் வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல வெள்ளைப் பொருக்கு. இவ்வளவு எங்கிருந்து வந்தது? ஆர்ஓ குழாயில் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். வழக்கமாக 10க்குள் காட்டுவது 210 காட்டியது. மெம்பிரேன் மாட்டி எட்டு மாதம்தான், அதற்குள் எங்கள் போர்வெல் அதைத் தின்றுவிட்டது. சித்திரை வெயிலில் தினமும் நாலு லிட்டர் ஆவியாகும், அதே அளவு ஊற்றி ஈடுகட்டுவேன். ஆவியாவது வெறும் தண்ணீர். அதிலிருந்த சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். நாற்பது நாளில் திண்டுக்கல்லின் நிலத்தடி மொத்தமும் தொட்டிக்குள் குடியேறியிருந்தது.

புது மெம்பிரேன். பம்புக்கு வினிகர் குளியல். மூன்று நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றம், நாலு தடவை. தெளிந்துவிட்டது. மீன்கள் பிழைத்தன.

ஆனால் வீட்டில் வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆர்ஓ ஒரு குடம் தர மூன்று குடத்தைக் கழித்துத் தள்ளும். “ஏண்டா, மீனுக்கு ஒரு கொடம், சாக்கடைக்கு மூணு கொடமா?” என்றார் அம்மா. அது நியாயம். அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவவும் பாத்ரூமுக்கும் திருப்பிவிட்டோம். அடுத்த கேள்விக்குத்தான் பதில் சுலபமில்லை. தொட்டியிலிருந்து எடுத்த பழைய கடல்நீரை எங்கே ஊற்றுவது? 20 லிட்டரில் 700 கிராம் உப்பு. முருங்கைக்கு ஊற்றினால் முருங்கை போச்சு.

இந்த ஊர்க்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் தோல் ஷாப்புக்கு வரும். முதல் ஊறவைப்பில் அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும். பல வருடங்களாக அது போய்ச் சேர்ந்த இடங்களில் கிணறுகள் வாயில் வைக்க முடியாமல் போயின. அப்பா சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு அலைந்தவர். “ஊரு ஊத்துனது பத்தாதுன்னு நம்ம பங்குக்கு நாமளும் ஊத்தணுமாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தட்டுகளைப் பரப்பி அதில் ஊற்றினேன். தோல் ஷாப்புகளிலும் ஊறவைத்த தண்ணீரை இப்படிப் பாத்திகளில் காயவைப்பது உண்டு. அவர்களுக்கும் மிஞ்சும் அந்த உப்பை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. நம்மூர் வெயிலைப் பற்றிக் கேட்க வேண்டுமா, ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது. 80 லிட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ. மீன் கழிவு கலந்தது, சமையலுக்கு ஆகாது. இப்போது படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாக்கில் இருக்கிறது. ஐப்பசி மழைக்குள் அதற்கு ஒரு வழி சொல்லச் சொல்லியிருக்கிறார் அம்மா.