இ-பாஸ் பட்டியலில் இல்லாத காரணம்

பொதுமுடக்கத்தின் முதல் நாட்களில் எங்கள் ஆலோசனை மையத்தின் கைப்பேசி அநேகமாக அடிக்கவே இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அப்பத்தானே ஓயாம அடிச்சிருக்கணும்?" என்று கேட்கிறார்கள்.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறைகள். அதுதான் மையம். அடிபட்ட பெண்கள் வருவார்கள். உட்கார வைத்துப் பேசுவோம், மனு எழுதிக் கொடுப்போம், மகளிர் ஸ்டேஷன் வரை கூடப் போவோம். திங்கட்கிழமை காலையில் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கறியும் குடியும் சண்டையும் முடிந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற வழியில் வந்து நிற்பார்கள்.

2020 மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று இரவே பிரதமர் டிவியில் தோன்றி, 21 நாள் நாடு முழுக்க வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். விடிவதற்குள் மாநிலத்தின் முதல் கொரோனா மரணம், அதுவும் எங்கள் ஊர் ராஜாஜி மருத்துவமனையில். மையத்தைப் பூட்டிவிட்டு, பொதுக் கைப்பேசியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். என் வீட்டிலும் ஆள் நிறைய. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"டாஸ்மாக்க மூடுனது வேலை செய்யுது போலக்கா," என்றாள் கூட வேலை பார்க்கும் பெண். அவளுக்கு நல்ல மனசு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களுக்கு எங்கிருந்தெல்லாம் கால் வரும் என்று நினைத்துப் பார்த்தேன். ஜவுளிக்கடைப் பெண்ணுக்குச் சாப்பாட்டு இடைவேளை. சித்தாளுக்கு மேஸ்திரியின் போன். பிள்ளையைக் கூப்பிட வந்தவளுக்குப் பள்ளிக்கூட வாசல். தறிக்குப் போகிறவளுக்குப் பஸ் ஸ்டாப். வீட்டுக்குள்ளிருந்து யாரும் எங்களைக் கூப்பிட்டதே இல்லை. இப்போது பள்ளிக்கூடம், கடை, தறி, பஸ் எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஒரு போன், அதுவும் அவன் சட்டைப்பையில். ரீசார்ஜ் கடையும் மூடிக் கிடந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் டெல்லியில் தேசிய மகளிர் ஆணையம் ஒரு கணக்கு சொன்னது. மார்ச் 2 முதல் 8 வரை வந்த புகார்கள் 116. மார்ச் 23 முதல் ஏப்ரல் 1 வரை 257. செய்தி பரபரப்பாக ஓடியது. எனக்குக் கண்ணில் பட்டது அதன் கடைசி வரிதான்: தபால் வராததால் புகார்கள் பெரும்பாலும் ஈமெயிலில் வந்தவை. எங்கள் மாடிப்படியில் உட்காரும் பெண்களில் ஈமெயில் வைத்திருப்பவர் யார்? பிறகு ஆணையம் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்தது. நல்லதுதான். அதற்கும் தனக்கென்று ஒரு போன் வேண்டுமே.

கைப்பேசி மறுபடி அடிக்க ஆரம்பித்தது ரேஷன் கடையிலிருந்து. அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். நாளும் நேரமும் குறித்து டோக்கன் வீட்டுக்கே வந்தது. கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு பெண் தனியாக நிற்கலாம், கேள்வி இல்லை. பக்கத்தில் நிற்பவர் ஆறடி தள்ளி. பல நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த முதல் தனிமை அது என்று நினைக்கிறேன். ஒருத்தி என்னிடம் பேசிக்கொண்டே, "நீங்க முன்னால போங்க... நீங்களும் போங்க" என்று பின்னால் நின்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. வரிசை தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடும் என்று அவள் வரிசையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

"மொத ஒரு வாரம் தங்கமா இருந்தாருக்கா. வெங்காயம் உரிச்சுக் குடுத்தாரு. பாப்பாவுக்குத் தல சீவி விட்டாரு. அதுக்கப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ராத்திரி தூக்கமே இல்ல. பீரோவ, அரிசி டப்பாவ எல்லாம் கலச்சுப் போட்டுத் தேடுறாரு. என்னத்தத் தேடுறாருன்னு அவருக்கே தெரியல."

குடியை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். கடையை மூடியவர்கள், அந்த வீடுகளில் கூட இருப்பவர்களை நினைத்தார்களா என்று தெரியவில்லை. அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஷேவிங் லோஷனைக் குடித்தும் வார்னிஷைக் குடித்தும் ஆண்கள் செத்தார்கள். அது செய்தியில் வந்தது. இவளை மிக்ஸி ஜாரால் அடித்தது வரவில்லை. ஆயிரம் ரூபாய் எங்கே என்று கேட்டு அடித்திருக்கிறான்.

"ஸ்டேசன் எல்லாம் வேணாம்க்கா. எங்கம்மா வீட்டுக்கு மட்டும் எப்புடியாச்சும் அனுப்பி விட்ருங்க."

அம்மா வீடு பரமக்குடிக்குப் பக்கம். பஸ் ஓடினால் இரண்டு மணி நேரம்.

2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது; 2006 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் எல்லாம் உண்டு. நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் பெண்கள் கையிலிருக்கும் முதல் சட்டம் கட்டைப்பையில் இரண்டு சேலை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. பத்து இருபது நாள் கழித்து அவன் தரப்பில் பெரியவர் ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு வருவார், பஞ்சாயத்து நடக்கும், இனிமேல் கை நீட்டமாட்டேன் என்பான், கூட்டிக்கொண்டு போவான். அந்தப் பஞ்சாயத்துகளில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது தீர்வே இல்லை. ஆனாலும் அந்தப் பத்து இருபது நாள் எத்தனையோ உயிர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. பொதுமுடக்கம் முதலில் அறுத்தது அதைத்தான்.

அப்போது வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். முதலில் நேரில் மனு, அப்புறம் இணையதளத்தில் இ-பாஸ். காரணம் மூன்றுதான்: திருமணம், மரணம், மருத்துவ அவசரம். பத்திரிகையோ சான்றிதழோ கூடவே இணைக்க வேண்டும். அடி வாங்கியவள் எதை இணைப்பாள்? ஒரு ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "மேடம், சண்டைக்கெல்லாம் பாஸ் கிடையாது. ஊரே செத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரையும் அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லுங்க," என்றார் எடுத்தவர். அவருக்கும் வீட்டுக்குப் போய்ப் பல நாளாகியிருக்கும், குரலில் தெரிந்தது. பாதுகாப்பு அலுவலருக்கோ நிவாரணப் பணியும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

விஷயம் தெரிந்த ஒருவர் சுலபமான வழி சொன்னார்: "சாவுன்னு போட்ருங்க. யாரு போய்ப் பாக்கப் போறா?" அதை அவளிடம் சொன்னேன். அடுத்த டோக்கன் நாள். வட்டத்துக்குள் நின்றுதான் கேட்டாள்.

"எங்கம்மாவ உசுரோட வச்சுக்கிட்டு சாவுன்னு எழுதச் சொல்றீங்களாக்கா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை.

கடைசியில் போனது காய்கறி வண்டியில். அத்தியாவசியப் பொருள் என்பதால் குட்டியானைகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி பரமக்குடிக்கு லோடு அடிப்பவன். அவன் அக்கா என்று சொல்லி, மடியில் மல்லிக்கட்டும் பிள்ளையுமாக, விடியுமுன் ஏறினாள். மாவட்ட எல்லையில் போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். முகத்தில் இருந்த வீக்கத்தையும் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்காமல் விட்டிருக்கிறார். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் பாதையை அடைத்திருந்தார்கள். மதுரையில் கொரோனா, மதுரைக்காரி வரக்கூடாது என்று பேச்சு. அம்மா வந்து சண்டை போட்டு உள்ளே கூட்டிப் போயிருக்கிறாள். மறுநாள் சுகாதாரத் துறை ஆள் வந்து கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார். அண்ணி முகம் சுளித்தாள். அண்ணன் வேலையும் போனது. "எல்லாரும் வையிறாங்கக்கா. ஆனா நேத்து ராத்திரி தூங்குனேன்," என்றாள்.

இதை எல்லாம் குடியின் தலையில் எழுதிவிட்டுப் போவது சுலபம், எழுதவும் செய்தார்கள். எனக்கு ஒரு மெயில் வந்தது. பெரிய அடுக்குமாடியிலிருந்து. கணவருக்குச் சாப்ட்வேர் வேலை; குடி கிடையாது, சிகரெட் கிடையாது, வெள்ளிக்கிழமை மாமிசம் கிடையாது. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் படுக்கையறை அவருடைய ஆபீஸ் ஆனது. அவர் மீட்டிங்கில் இருக்கும்போது குழந்தை அழக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. அடித்தால் இவளுக்கு அடி. அவள் எழுதிய ஒரு வரி மனசிலேயே நிற்கிறது: மைக்கை மியூட் பண்ணிட்டுத்தான் அடிப்பார். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது; முடித்ததும் மறுபடி மைக்கைப் போட்டு, நிதானமான குரலில் பேச்சைத் தொடர்வார். அனுப்பிய மெயில்களை அப்போதைக்கப்போதே அழித்துவிடுவாள். நானும் பதில் எழுதும் முன் கடிகாரம் பார்ப்பேன்.

ஒரு நாளோடு அவள் எழுதுவது நின்றது. என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது.

மே 7 அன்று சென்னை நீங்கலாக டாஸ்மாக் திறந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை, நாற்பதிலிருந்து ஐம்பது வரை மதியம், அதற்குக் கீழே மூன்று மணிக்கு மேல் என்று வயதுவாரியாக நேரம் ஒதுக்கினார்கள். ஆதார் அட்டையோடு வரிசை. கைகுலுக்கலும் ஊர்வலமுமாக அன்றைக்குத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே நாளில் மாநிலம் முழுக்க சுமார் 170 கோடி ரூபாய் விற்பனை. மண்டலவாரியாக மதுரைதான் முதலிடம். வேலையே இல்லாத ஊரில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. எங்களைக் கேட்டிருக்கலாம். ஜன்தன் கணக்கில் பெண்களுக்கு விழுந்த ஐந்நூறு, ஆயிரத்தில் மிச்சம், அடகுக்கடை மூடியிருந்ததால் பக்கத்து வீட்டில் வைத்த தோடு. அன்று சாயங்காலம் கைப்பேசியைக் கீழே வைக்க முடியவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது; 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது; 16-ஆம் தேதி மறுபடி வரிசை.

அந்த வாரம் தப்பி வந்த ஒருத்தியையும் இரண்டு பிள்ளைகளையும் தங்கவைக்க ஓர் இல்லத்துக்குப் பேசினேன். கொரோனா இல்லை என்று சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். பரிசோதனை முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாள் அவள் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை. பூட்டியிருந்த எங்கள் மையத்தைத் திறந்து, மேஜைகளை ஓரம் தள்ளி, பாய் விரித்தோம்.

பிறகு புள்ளிவிவரங்கள் வந்தன. கணவரும் உறவினரும் செய்யும் கொடுமைக்காக 498ஏ பிரிவில் நாடு முழுக்க 2019-இல் பதிவான வழக்குகள் 1,25,298, 2020-இல் 1,11,549. குறைந்திருக்கிறது! ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி இதை நல்ல செய்தியாகவே வாசித்தார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு வேறு ஒன்று சொன்னது: தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். அந்தக் கேள்வியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு யாரும் இல்லாதபோதுதான் கேட்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அந்த வேலை 2020 மார்ச் 20-இல் நின்று டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் இருந்த மாதங்களில் எந்த வீட்டில் வேறு யாரும் இல்லாமல் இருந்தார்கள்?

செப்டம்பர் 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டார்கள். அந்த வாரம் எங்கள் மாடிப்படி மறுபடி நிறைந்தது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்தே யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆறிப்போன காயங்களோடு வந்தார்கள். எப்போது அடித்தான் என்று கேட்டால் தேதி தெரியாது. "கொரோனா நேரத்துல" என்பார்கள். குடும்ப வன்முறைச் சட்டப்படி எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ரேஷன் டோக்கன், நிவாரணம் வந்த நாள், டாஸ்மாக் திறந்த நாள் இவற்றை வைத்துத் தேதிகளைக் கண்டுபிடித்து எழுதினோம்.

பரமக்குடிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்பது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உருப்படியான விஷயம். அங்கேயே போட்டாள். ஏப்ரலில் அடித்ததாகச் சொல்பவர் அக்டோபரில்தான் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார், இது ஜோடிக்கப்பட்ட வழக்கு என்று எதிர்த்தரப்பு பதில் மனு போட்டது. எங்கள் வக்கீலம்மா பஸ்களை நிறுத்திய அரசாணையையும், இ-பாஸுக்கான மூன்று காரணங்கள் அச்சாகியிருந்த செய்தியையும் ஆவணமாக இணைத்தார். குறுக்கு விசாரணையில், "ஆறு மாசம் ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார்கள். "எந்த பஸ்ல சார் வரச் சொல்றீங்க?" என்றாள் இவள். பதிலுக்குப் பதில் கேள்வி கேட்கக்கூடாது என்று கண்டித்தார்கள்.

2022-இல் மாதாந்திர ஜீவனாம்சத்துக்கு உத்தரவு வந்தது. சில மாதம் கட்டினான், நிறுத்திவிட்டான். வசூல் மனு போட்டோம். அதற்கு வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் தறிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருகிறாள்.