திண்ணையிலிருந்து இறங்கிய புல்லட்

குட்டி யானை போதும் என்று புல்லட்டை வாங்கியவர் சொல்லியிருந்தார். வாடகை குறைவு. லோடுமேன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டி யானை என்கிற டாடா ஏஸின் தொட்டி ஏழடிச் சொச்சம்தான். புல்லட்டும் கிட்டத்தட்ட ஏழடி. நேராக நிறுத்தினால் முன்னும் பின்னும் முட்டும், கயிற்றை இழுத்துக் கட்டக் கோணம் கிடைக்காது. மூலைக்கு மூலை சாய்த்து நிறுத்திப் பலர் கொண்டுபோகிறார்கள். “புது வண்டின்னா நானும் செய்வேன். இதுக்கு வேணாம்ணே,” என்றார். கடைசியில் பொலேரோ பிக்கப் வந்தது.

பழைய வண்டிகளுக்கு உயிர் கொடுக்கும் மெக்கானிக்குகளைப் பற்றி நிறையப் படித்தாயிற்று. அவர்கள் கைக்கு அந்த வண்டியை நசுங்காமல் கொண்டுசேர்ப்பவர்களைப் பார்க்கத்தான் காரைக்குடிப் பக்கம் போயிருந்தேன். ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் திண்ணையில், சாக்குப் போர்த்தி நின்றிருந்தது அந்தப் புல்லட். 1960களின் 350 சிசி. நம்பர் பிளேட்டில் மூன்றெழுத்துப் பழைய பதிவெண். மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் தயாரித்த வரிசை. இந்த வண்டிக்கு டேங்க் நசுங்கினால் வேறு டேங்க் வாங்கிவிடலாம்தான். ஆனால் இத்தனை வருடம் கெடாமல் வந்த பெயின்ட்டுக்கும் தங்கக் கோட்டுக்கும்தான் வாங்கியவர் காசு கொடுத்திருக்கிறார்.

அண்ணன் வண்டியைத் தொடுவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்தார். தெருவில் பிக்கப்பை நிறுத்திப் பலகை போட்டால் சரிவு செங்குத்தாக இருக்கும். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்க முடியாது. திண்ணையோ கிட்டத்தட்ட பிக்கப் தொட்டியின் உயரம். டிரைவரிடம் பின்பக்கமாக வந்து படிக்கட்டை ஒட்டி நிறுத்தச் சொன்னார். பலகை ஏறக்குறைய மட்டமாக விழுந்தது. நான் பார்த்ததில் அன்றைய பெரிய வேலை இதுதான். அதற்கு யாரும் கூலி கணக்குப் போடமாட்டார்கள்.

அடுத்தது சோதனை. டயருக்குக் கைப்பம்பால் காற்றடித்தார். கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார், எதிர்த்து நின்றது. “கம்ப்ரஷன் இருக்கு. எறக்குறப்ப இன்ஜினே பிடிச்சுக்கும்.” கியர் போடச் சொன்னதும் கூட வந்த தம்பி இடப்பக்கம் போய்க் காலை வைத்தான். அது பிரேக். பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம், நியூட்ரலுக்குத் தனியாக ஒரு பெடல். அண்ணன் கியரைப் போட்டு, கிளச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். சக்கரம் நகரவில்லை. பல வருடம் நின்ற வண்டியில் கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் உலுக்க உலுக்க ஒருவழியாக விட்டது.

கட்டுவதைப் பார்க்கத்தான் நேரம் வேண்டும். ஹேண்டில்பாரில் அவர் கயிறு போடவே இல்லை. ஃபோர்க்கின் இரு குழாய்களையும் கோத்துப் பிடிக்கும் கீழ் இணைப்பில் ராட்செட் பெல்ட்டை மாட்டி, இரு பக்கமும் முன்னோக்கி இழுத்தார். ஃபோர்க் பாதி அமுங்கியதும் நிறுத்திக்கொண்டார். அமுங்கிய ஸ்பிரிங் மேலே தள்ளத் தள்ள பெல்ட் விறைப்பாக இருக்கும். முழுக்க இறுக்கிவிட்டால் அதற்குமேல் அமுங்க இடமில்லை, குலுக்கலெல்லாம் ஆயில் சீலுக்குப் போகும். “ராட்செட்டுல எவ்வளவு இழுக்குறோம்னு கைக்குத் தெரியாதுண்ணே. கண்ணாலதான் பாக்கணும்.” அதனால்தானோ என்னவோ, பின்சக்கரத்துக்கு நைலான் கயிறுதான். வேகத்தடையில் ஃபோர்க் இன்னும் அமுங்கும் நொடியில் பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுகொள்ளும் என்று, கொக்கியின் வாயைச் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றினார். சென்டர் ஸ்டாண்டையும் மடக்கிவிட்டார். ஸ்டாண்டில் நிற்க வைத்துக் கட்டுபவர்களைப் பற்றி அவர் சொன்னது அச்சில் ஏறாது.

உராயும் இடங்களுக்குத் துணி கேட்டார். அந்த வீட்டு ஆச்சி உள்ளேபோய் ஒரு வேட்டி கொண்டுவந்தார்.

“நல்ல வேட்டியா இருக்கே ஆச்சி?”

“கிழி தம்பி. கட்ட ஆளில்ல.”

பெட்ரோல் குழாயை மூடி, ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்கு முன்பே ஓரங்கட்டச் சொன்னார் அண்ணன். முதல் சில கிலோமீட்டரில் கயிறு இழுபட்டு நீளுமாம். பின்கயிறு ஒரு விரல் நுழையும் அளவு தளர்ந்திருந்தது. புதுக்கோட்டை தாண்டி இன்னொரு முறை. அப்புறம் திருச்சி வரை தூங்கிவிட்டார்.

பட்டறை ரோட்டு மட்டத்தில் இருந்தது, திண்ணை எதுவும் இல்லை. கால்வாய் ஓரத்துப் பள்ளத்தில் பிக்கப்பின் பின்சக்கரங்களை இறக்கினார்கள். தொட்டி அரையடி தாழ்ந்தது. முதல் கியர், பின்சக்கரம் முதலில். பக்கத்தில் நடந்தபடி கால் பிரேக்கை மிதிக்க முடியாது, கிளச்தான் பிரேக். விரலை விட்டால் வண்டி நிற்கும், பிடித்தால் ஒரு சாண் இறங்கும். தம்பி பின்னால் கை வைத்திருந்தான், அவனுக்கு அதிக வேலை இல்லை.

மெக்கானிக் குனிந்து ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வாங்கியவர் கிலோமீட்டர் கணக்கு போட்டு வாடகை கொடுத்தார், ஏற்றுகூலி, இறக்குகூலி ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தார். கட்டுகூலி என்று அண்ணன் மெல்ல இழுத்தபோது, “அதுவும் இதுல சேர்த்திதானேப்பா,” என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அண்ணனோ பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே, காந்தி மார்க்கெட்டிலிருந்து புதுக்கோட்டைக்கு வெங்காய லோடு கிடைக்குமா என்று டிரைவரைப் போன் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.